கடுகளவு வளையங்கள்

14.6.1999, திங்கள்

முதல் பெல் அடிப்பதற்குள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். கிழக்குக் கோடி ஸ்டோர் ரூமைக் காலி செய்ய வேண்டுமாம். அங்கேதான் புது கம்ப்யூட்டர் லேப். முப்பது கம்ப்யூட்டர், ஏ.சி., கண்ணாடிக் கதவு.

"அந்தப் பழைய பெட்டிய எடைக்குப் போட்டுருவோம்மா. ரெண்டாயிரம் பொறந்தா அது வெடிச்சிருமாமே, பேப்பர்ல போட்டிருக்கான்."

பாலிடெக்னிக் நடத்துகிற மனிதர் பேசுகிற பேச்சா இது? ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, "அதுக்கு வருசமே தெரியாது சார். நாளு கிழமை எதுவும் தெரியாது. சொன்னதக் கூட்டும், கழிக்கும்" என்றேன். சிரித்தார். தை வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்குள் நான் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் லாரி வந்துவிடும்.

நான் என்ன ஏற்பாடு செய்ய? ஆபீஸ் சூப்பிரண்டு. ஒரு பெட்டி சாக்பீசுக்குக்கூட மேலே எழுதிக் கேட்க வேண்டியவள். ஆனால் 74-லிருந்து 86 வரை அதை ஓட்டியது இந்தக் கைதான். பம்பாயில் ஏதோ ஆராய்ச்சிக்கூடம் ஓட்டித் தேய்த்துவிட்டு எங்களுக்குத் தந்தது. இரண்டு பீரோவை ஒட்டி வைத்த அகலம், முன்னால் வரிசையாகச் சுவிட்சுகள், சிவப்பு விளக்குகள். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே அதுதான் முதல் கம்ப்யூட்டர் என்று அப்போது எல்லோரும் பீற்றிக்கொண்டோம். உண்மையா, யாருக்குத் தெரியும்.

2.7.1999

பெங்களூரில் ஒருவர் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து மியூசியம் வைக்கிறாராம். பெயர் லிங்கேஸ்வரன், பூர்வீகம் போடி. கடிதம் போட்டேன். பதில் வருமா? வராது.

9.8.1999, திங்கள்

வந்துவிட்டார்! சொல்லாமல் கொள்ளாமல், போடியில் பெற்றோரைப் பார்க்க வந்தவர் நேராக இங்கே. டார்ச் அடித்து, பின் கதவைத் திறந்து, அரை மணி நேரம் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் ஒட்டடை.

பிறகு ஒரு பலகையைக் காட்டினார். மெமரி. கடுகளவு கறுப்பு வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் தலைமுடி போன்ற கம்பிகள் கோர்த்து, நாற்பத்தொன்பதாயிரம் சொச்சம்.

"மேடம், கரண்ட் இல்லாட்டாலும் இந்த வளையத்துல இருக்கறது போகாது. கடைசியா எதப் போட்டு வச்சீங்களோ அது இன்னும் உள்ள இருக்கலாம்."

அது எனக்குத் தெரியாததா? மாலையில் அணைத்துவிட்டுப் போவேன், மறுநாள் வந்து போட்டால் நேற்றையது அப்படியே நிற்கும். ஆனால் பதிமூன்று வருஷம் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் கடைசியாகப் போட்டது எங்கள் தமிழ் எழுத்து.

அந்த மெஷினுக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்க வரும். நானும் மெயின்டனன்ஸ் பார்த்த ராஜா முகம்மதுவும் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து, நட்சத்திரக் குறிகளை அடுக்கி அடுக்கி, ஒரு சாண் உயரத்துக்குத் தமிழ் எழுத்து அடிக்க வைத்தோம். 79 கல்லூரி விழாவில் ஊர் ஜனம் வரிசையில் நின்று பெயரைச் சொல்லி அடித்து வாங்கிப் போனது. அந்த எழுத்து ப்ரோகிராம் ஓட்டை போட்ட மஞ்சள் தாள் நாடாவில் இருந்தது. 30.4.86 அன்று அதைத்தான் உள்ளே ஏற்றியிருந்தோம். கரண்ட் போயிற்று. பிறகு மெஷினை யாரும் போடவே இல்லை. மறு வருஷம் மர பீரோவைத் திறந்தால் நாடா முழுவதும் கரையான் தின்று மண்ணாகக் கிடந்தது.

ஆக, அந்த எழுத்து மிச்சம் இருந்தால் இந்த வளையங்களில்தான் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை.

லிங்கேஸ்வரன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று. "யாரும் சுவிட்சப் போட்றக் கூடாது. உள்ள பவர் சப்ளை கெட்டிருக்கும். கரண்ட் கன்னாபின்னான்னு பாஞ்சா அத்தனையும் அழிஞ்சிரும். அதச் சரி பண்ணத் தெரிஞ்ச பழைய ஆள் யாரும் இருக்காகளா?"

இருக்காக. ராஜா முகம்மது பாய். வேலையை விட்டுவிட்டுக் கம்பத்தில் ஸ்டெபிலைசர் கடை வைத்திருக்காக. பன்னிரண்டு வருஷமாக நானும் அவரும் பேசுவதில்லை.

14.8.1999

போகலாமா? வேண்டாமா? கரையானுக்கு அவர் ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார் — "சாவி உங்க கையிலதான இருந்துச்சு!" ஸ்டீல் பீரோ கேட்டு எழுத வேண்டியது யார்? அவர்தானே? அதை நானும் சத்தமாகத்தான் கேட்டேன். அன்றோடு சரி. கம்பத்தில் அவர் கடையைத் தாண்டும்போது பஸ்ஸில் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கும் ரோஷம் உண்டு.

22.8.1999, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்படியே கம்பம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாங்க கிருபாக்கா, ஒக்காருங்க" என்றார், நேற்றுப் பார்த்த மாதிரி. மனப்பாடம் எல்லாம் போயிற்று. அவர் மனைவி ஷரீபா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்து, "எளச்சுட்டீகளேக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுக்கணக்கு ஓடும்போது பேசக்கூடாது. நான்தான் பேசினேன். லிங்கேஸ்வரன் சொன்னதையெல்லாம் சொன்னேன். கடைசியில், "அந்த நாடாவுக்கு வேற பிரதி எதுவும் எடுத்தீகளா பாய்?" என்று கேட்டேன்.

கை நின்றது. "இல்லக்கா. இருந்தது அது ஒன்னுதான்."

சுற்றுக்கணக்கு விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. சுற்றின மொத்தக் கம்பியையும் அவிழ்த்துவிட்டார். வேலையைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சங்கடமாகப் போயிற்று. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து, ஜும்மா முடிந்ததும் வருகிறேன் என்றார்.

3.9.1999

வந்தார். முதல் வேலையாக மெமரிப் பலகையை உருவி, ஷரீபாவின் பழைய வாயில் சேலையில் சுற்றி என் ஸ்டீல் பீரோவில் வைக்கச் சொன்னார். "இது வெளிய இருக்கிற வரைக்கும் நான் என்ன கூத்தடிச்சாலும் எழுத்துக்கு ஒன்னும் ஆகாது." ஸ்டீல் பீரோ என்று சொல்லும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

24.12.1999

நோன்போடு வந்து தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை. ஏன் இவ்வளவு மெதுவாகக் கரண்டை ஏற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பதிமூணு வருசம் பட்டினி கெடந்தவனுக்கு எடுத்த ஒடனே பிரியாணியா போடுவீக? கஞ்சியில ஆரம்பிக்கணும்க்கா" என்றார். பிப்ரவரி கடைசிக்குள் தயாராகிவிடும். பிறகு பலகையைச் செருகி, விளக்குகளைப் பார்த்தே ஒவ்வொரு வரியாக எழுதி எடுத்துவிடலாம். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வரி. எழுதுவேன். எத்தனை நோட்டு ஆனாலும் எழுதுவேன்.

28.1.2000

லேப் திறப்பு விழா பிப்ரவரி பத்து! பழைய கம்ப்யூட்டரையும் ஹாலில் மேடை பக்கத்தில் வைத்து மாலை போடப் போகிறார்களாம். மியூசியம் கேட்கிறது என்று நான் எழுதிக் கொடுத்ததைப் படித்ததிலிருந்து தாளாளருக்கு அதன் மேல் திடீர்ப் பாசம். ஹாலுக்கு நகர்த்த வேண்டாம், வேலை முடியவில்லை என்றேன். "முடியலேன்னா என்னம்மா, சும்மா நிக்கட்டும்" என்றார். யாரிடம் போய்ச் சொல்ல?

8.2.2000

பாயின் அக்கா ஈராட்டுப்பேட்டையில் மவுத்தாகிவிட்டார்கள். குமுளி வழியாகக் குடும்பத்தோடு போயிருக்கிறார். வர ஒரு வாரம் ஆகும். கடைப் பையனிடம் எனக்குச் சொல்லி அனுப்பியது: விழாவில் மாலையோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

9.2.2000

ஹாலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன் மூடியைத் துடைத்து, கண்ணாடி வழியாக உள்ளே தெரிகிற மாதிரி சீரியல் பல்பு போட்டிருக்கிறார்கள். தாளாளர் வந்து குனிந்து பார்த்தார். "என்னம்மா நடுவுல பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு? வெளியூர்லருந்து ஆளுக வாராக, பாத்தா என்ன நெனப்பாக?"

அட்டை வெட்டி வைக்கலாம் என்றுதான் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. பீரோவைத் திறந்து பலகையை எடுத்து அதன் இடத்தில் செருகினேன். பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டேன் — பிளக் கழற்றித் தரையில்தான் கிடக்கிறது. ஒரு நாள்தானே. விழா முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

செருகியதும் முழுசாக இருந்தது. அழகாக இருந்தது.

10.2.2000, வியாழன்

அழித்துவிட்டேன். நானே அழித்துவிட்டேன்.

குத்துவிளக்கு ஏற்றியாயிற்று, பேச்சு முடிந்தது, எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இறங்கப் போனேன். தாளாளர் மைக்கில், "இந்தக் கம்ப்யூட்டரைப் பன்னிரண்டு ஆண்டுகள் இயக்கிய கிருபாவதி அம்மா அவர்களே இதன் பொத்தானை அழுத்தி விழாவைத் தொடங்கி வைப்பார்கள்" என்கிறார். நான், பிளக்தான் இல்லையே, பொத்தானை அழுத்தினால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன். பிளக் சொருகியிருக்கிறது. ஒயர் ஜன்னல் வழியாக ஜெனரேட்டருக்குப் போகிறது. எலக்ட்ரீசியன் வீரபாண்டி அங்கன நின்னு என்னப் பாத்துச் சிரிக்கிறான். "சார் சொன்னாகக்கா, லைட்டாவது எரியணும்னு."

"சார், வேணாம் சார்" என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். கைதட்டலில் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டாமா? கத்தியிருக்க வேண்டாமா? பிளக்கைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டாமா? முன்வரிசையில் அத்தனை பெரிய மனுசங்க, போட்டோகிராபர் வேற "இங்கன பாருங்கம்மா"ங்கிறான். வாய் வரல. கை போயிருச்சு.

அதோடு — இதை இங்கேகூட எழுதாவிட்டால் நான் என்ன மனுஷி — ஆசையாகவும் இருந்தது. அந்த ஃபேன் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க.

கேட்டது. விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்தன. எந்த ப்ரோகிராம் ஓடினாலும் அப்படி எரியாது. உள்ளே ஒன்றும் இல்லாதபோதுதான் எரியும். அப்புறம் கருகல் நாற்றம். ஜனம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.

பொன்னாடை நாற்காலியில் கிடக்கிறது. தொடப் பிடிக்கவில்லை.

13.2.2000

ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. உள்ளூர்ப் பேப்பரில் போட்டோ வந்திருக்கிறதாம். பக்கத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

18.2.2000, வெள்ளி

பாய் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டார். பலகை செருகியிருப்பதைப் பார்த்தார். கருகிய இடத்தை விரலால் தொட்டு முகர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பல்லு விழுந்த வாயிலிருந்து ஒன்று விடாமல். நின்றபடியே கேட்டார். திட்டப் போகிறார், திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கைதட்டுனாகளாக்கா?"

"தட்டுனாக."

"அப்பச் சரி" என்றார். திருகாணிகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார்.

அவ்வளவுதான். கரையானுக்குப் பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்த மனுஷன். இதற்கு ஒரு வார்த்தை இல்லை. ஏன்? என் மேல் பரிதாபமா? எனக்கு எதுக்குப் பரிதாபம்? நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இப்போது அதுவும் இல்லை.

5.6.2000

லாரியில் ஏற்றிப் போனார்கள். வைக்கோல் சுற்றி, தார்ப்பாய் போட்டு. லிங்கேஸ்வரனிடம், விழாவில் கரண்ட் கொடுத்ததைச் சொன்னேன். யார் சுவிட்சைப் போட்டது என்று அவர் கேட்க, நான் வாயெடுப்பதற்குள் பாய், "காலேஜ்ல போட்டாக" என்றார்.

21.11.2000

பெங்களூர்க் கடிதம். வளையங்களைத் தனியாக ஒரு கருவி வைத்துப் படித்துப் பார்த்தார்களாம். முழுக்கக் குப்பை. ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. வருத்தம் தெரிவித்து இரண்டு வரி.

நம்பிக்கை வைத்திருந்தேன் என்பதே கடிதத்தைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

20.1.2002, ஞாயிறு

79 விழாவில் பெயர் அடித்து வாங்கியவர்கள் யாராவது தாளை வைத்திருக்க மாட்டார்களா? இது பாயின் யோசனை. ஒரு பெயருக்கு நாலைந்து எழுத்து வீதம் கிடைத்தால்கூடப் போதும், பார்த்துப் பார்த்துத் திரும்ப அடுக்கிவிடலாம். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ்ஸில் அலைகிறோம். உத்தமபாளையத்தில் மூன்று வீடு, கம்பத்தில் ஆறு, லோயர் கேம்ப்பில் ஒன்று. "அதெல்லாம் அப்பவே போச்சே" என்பார்கள், காப்பி கொடுப்பார்கள்.

இன்றைக்குச் சங்கிலியம்மாள் வீடு. எங்கள் பாலிடெக்னிக்கில் கூட்டிப் பெருக்கியவள். எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இங்கனதான் ஆத்தா இருந்துச்சு" என்று சுவரைக் காட்டினாள். வெள்ளைச் சுவர். பொங்கலுக்குப் பொங்கல் அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், போன வாரம் அடித்தது உட்பட. அவளே கரண்டிக் காம்பை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். பாளம் பாளமாகச் சுண்ணாம்பு விழுந்தது. பிறகு மண் விழுந்தது. தாளே இல்லை.

"சொவத்த விடு ஆத்தா, விடு" என்று பாய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். திரும்பும்போது பஸ்ஸில், "போதும்க்கா" என்றார். நானும் போதும் என்றேன்.

31.5.2002

ஓய்வு. பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன். போர்த்தினார்கள்.

16.10.2005

பெங்களூரில் தம்பி மகள் சுபாஸ்ரீ மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள். நம் பெட்டி சுத்தமாகப் பளபளவென்று நிற்கிறது. பக்கத்தில் அட்டை: தமிழ்நாட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் 1986 வரை பயன்பட்டது, இதில் ஓடிய ப்ரோகிராம்கள் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். தப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது.

"நீங்க இதுல என்ன அத்தை பண்ணுனீங்க?" என்றாள். மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினோம் என்று சொன்னேன்.

18.3.2009, புதன்

ராஜா முகம்மது பாய் இறந்துவிட்டார். கடையிலேயே, நெஞ்சு வலி. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

26.4.2009, ஞாயிறு

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஷரீபா ஆள் விட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கடைக்குள் கூட்டிப் போனாள். சாமான்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மகன் ரபீக் துபாயில் இருக்கிறான், கடையை நடத்த ஆள் இல்லை.

"இது ஒங்க காலேஜ் சாமான்னு அவுக சொல்வாகக்கா. நீங்களே எடுத்துக்கங்க."

ஒரு தகர உருளை. செம்புக் கம்பி சுற்றியிருந்தது. நாடா சுற்றி வைக்கும் உருளை அது, எங்களுடையதுதான். திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் பாயின் கையெழுத்து, மங்கிப் போய்: தமிழ் எழுத்து, இரண்டாம் பிரதி, 28.4.86.

இன்னொரு தடவை படித்தேன்.

"இதுல சுத்தியிருந்தது எங்க ஷரீபா?"

"எது, அந்த மஞ்சத் தாளா?" ஷரீபா நாற்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். "நம்ம ரபீக்கு சுன்னத்துக் கல்யாணம் வச்சம்லக்கா, அந்த வருசம் மே மாசம். அவுக துணி எடுக்க மதுரைக்குப் போயிட்டாக. பந்தல் மொட்டையாக் கெடந்துச்சு. பீரோ மேல இது கெடந்துச்சு, ஓட்ட ஓட்டையா, பூவேலை செஞ்ச மாதிரி. பந்தலு பூராம் தோரணமாக் கட்டிட்டோம். வெயிலு அது வழியா விழுந்து தரையெல்லாம் புள்ளி புள்ளியா... அம்புட்டு அழகுக்கா."

"பாய் வந்து பாத்தாகளா?"

"பாத்தாக. துணிப்பையக் கூடக் கீழ வைக்காம அந்தப் புள்ளியையே பாத்துக்கிட்டு நின்னாக. நல்லாயிருக்கான்னு கேட்டேன். நல்லாயிருக்குன்னாக. பந்தலப் பிரிக்கும்போதுதான் எல்லாம் கிழிஞ்சு போச்சு."

87-ல் அவர் கரையானுக்குப் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் பிரதி முன்பே போய்விட்டது, கரையான் தின்றதுதான் கடைசி என்று அன்றைக்கு அவருக்கு மட்டும்தான் தெரியும். பிறகு, வேற பிரதி உண்டா என்று நான் கேட்டதும் அவர் அவிழ்த்த கம்பி. கைதட்டுனாகளாக்கா. அப்பச் சரி.

நான் உருளையில் இருந்த சீட்டையே விரலால் தடவிக்கொண்டிருக்கவும் ஷரீபாவின் முகம் மாறியது. "ஏன்க்கா? அது ஏதும் வேணுங்கிற பொருளா? அவுக ஒன்னும் சொல்லலியே."

"இல்ல ஷரீபா" என்றேன். "சும்மா தாளு."

"அதான பாத்தேன்" என்றாள். கம்பியோடு உருளையை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். நாலு மணி பஸ்ஸில் உத்தமபாளையம் வந்து சேர்ந்தேன்.